என் பெயரில் போகாத கடிதங்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்தச் சில வருடங்களில், என் பெயரில் யாரோ உலகம் முழுக்க ஆண்மை மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது. காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவன் நான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் படம் பார்த்துப் புடவை கேட்கட்டும் என்று கடைக்கு ஒரு இணையதளமும், கடைப் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியும் வாங்கியிருந்தேன். அதைப் பையில், ரசீதில், வாசல் போர்டில் எல்லாம் அச்சடித்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் மலேசியாவிலிருந்து ஒரு டீச்சரம்மா மெயில் போட்டார். மகள் கல்யாணத்துக்கு என்னிடம் முகூர்த்தப் புடவை எடுத்தவர். உங்களிடம் பட்டுதானே வாங்கினேன், இந்த மாதிரி விளம்பரமெல்லாம் எனக்கு எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தார். கீழே நான் அனுப்பியதாக அந்த அசிங்கம். அனுப்புநர் என்ற இடத்தில் என் கடை முகவரி, அட்சரம் பிசகாமல் இருந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கடையில் வேலை செய்பவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கு டீ இல்லை. அந்த மெயிலை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு இணைய இணைப்பு கொடுத்திருந்த கம்பெனியின் ஆபீசுக்கு நேரே போனேன். மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள், என் பேரை எவன் எடுத்து ஊர் மேய்கிறான் என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

அங்கே பொறுப்பில் இருந்த என்ஜினீயர் வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். என் வயதுதான் இருக்கும். நான் கத்தி முடிக்கிறவரை காத்திருந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். தபால் கவரின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை, மெயிலும் அப்படித்தான் என்றார். என் கம்ப்யூட்டருக்குள் எவனும் புகவில்லை. எந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, அனுப்புநர் என்ற கட்டத்தில் என் கடையின் முகவரியைத் தட்டியிருக்கிறான், அவ்வளவுதான். அவன் அனுப்பியவற்றில், இல்லாத முகவரிகளுக்குப் போனவை எல்லாம், சேர்க்க முடியவில்லை என்ற சீட்டோடு எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தன. என் பெட்டி நிறைய ஏன் குப்பை சேர்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது என்றார் அவர். கடையின் இணையப் பெயரோடு ஒரு அறிவிப்பைச் சேர்த்துவிடுவார்களாம். இந்தக் கடையின் கடிதங்கள் இந்த இந்த மெஷின் வழியாகத்தான் வரும், வேறெங்கிருந்து வந்தாலும் அது எங்களுடையது இல்லை என்று அதில் இருக்கும். கடிதத்தை வாங்கிக்கொள்ளும் கம்பெனி, கதவைத் திறப்பதற்கு முன் அந்த அறிவிப்பைப் படித்துப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எல்லாக் கம்பெனியும் இன்னும் பார்ப்பதில்லை, பெரிய கம்பெனிகள் பார்க்க ஆரம்பித்துவிட்டன என்றார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கங்க சார். இதைப் போட்டுட்டா, நீங்களே வெளியில ஒரு பிரௌசிங் சென்டர்ல உக்காந்து கடை அட்ரஸ்ல அனுப்பினாலும் போவாது. உங்க பேர்ல வேற யாராவது அனுப்பறாங்களா?"

"என் பேர்ல எழுத என்னை விட்டா யாரு இருக்காங்க? போடுங்க" என்றேன்.

இப்படி ஒரு முழுப் பொய்யை, பொய் என்று தெரியாமலே, அவ்வளவு கம்பீரமாக நான் வேறெங்கும் சொன்னதில்லை. என் பெயரில் ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாம் என் மனைவிதான். என் கையெழுத்து எனக்கே புரியாது. அவளுடையது பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதியதுபோல இருக்கும். துக்கம் விசாரிக்கும் கார்டு, கரண்ட் ஆபீசுக்குப் புகார், மகளின் பள்ளிக்கு லீவ் லெட்டர், பண்டிகைக்கு உறவுக்காரர்களுக்குப் போகும் இன்லேண்ட் எதுவானாலும் நான் தறிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எழுதி, என் பெயரைக் கீழே போட்டு, தபால்பெட்டியில் சேர்த்துவிடுவாள். பதில் வந்த பிறகுதான் நான் யாருக்கு என்ன எழுதினேன் என்பதே எனக்குத் தெரியவரும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். கடிதம் ஆம்பளை பெயரில் போகும், எழுதுவது வீட்டுப் பெண்பிள்ளை. யாரும் இதைக் கள்ளக் கையெழுத்து என்று நினைத்ததில்லை.

அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது வீட்டில் பெருமையடித்தேன். இனிமேல் என் பெயரில் எவனும் ஒன்றும் அனுப்ப முடியாது, அடைத்துவிட்டேன் என்றேன். நல்லதுங்க என்று ரசம் ஊற்றினாள். எவனும் என்று நான் சொன்னதில் தன்னையும் சேர்த்துக்கொள்ள அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

இந்த இடத்தில் என் மைத்துனனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனைவிக்கு ஒரே தம்பி. அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. சில வருடங்களுக்கு முன் லீவில் வந்தவன் என் கடையில் உட்கார்ந்திருந்தான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து ஊடே ஊடே பிணைப்பதைக் கோர்வை என்போம். கோர்வைப் புடவை என்று என் ஆள் ஒன்றை விரித்துக் காட்டினான். மைத்துனன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், இது கோர்வை இல்லையே மாமா என்றான். அவன் சொன்னது சரி. வேறு அடுக்கில் இருக்க வேண்டிய புடவை மாறி வந்திருந்தது. ஆனால் அதை என் காதில் சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இனி இந்தப் படி ஏறாதே என்றும் சொன்னேன். அவன் ஏறவில்லை. அந்த விஷயத்தில் என் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேச்சு நின்று வருடங்கள் ஓடின. பிறகு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வந்து மணையில் உட்கார வைத்தால்தான் பெண் மணப்பெண்ணாவாள். அந்த மாமனைப் பெண்ணின் அப்பன் தாம்பூலத் தட்டோடு போய்க் கூப்பிட வேண்டும். கடல் தாண்டி இருந்தால் கடிதமாவது அப்பன் பெயரில் போக வேண்டும். அக்கா கூப்பிட்டால் அது அக்கா கூப்பிட்டது, வீடு கூப்பிட்டது ஆகாது. மனைவி அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். மாமா கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதை அவள் என்னிடம் ஒருநாள் சாயங்காலம் சொன்னாள். அவன் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன். அவள் உலர்ந்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

ஆடி, ஆவணி போயிற்று. வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. மனைவி முதலில் கொஞ்ச நாள் குதூகலமாகத்தான் இருந்தாள். போன் மணி அடித்தால் மாவுக் கையோடு ஓடிப்போய் எடுத்தாள். மெல்ல மெல்ல ஓடுவது நின்றது. கல்யாண வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளிடம் ஏதோ வடிந்துவிட்டிருந்தது. ஒருநாள் சாமான் லிஸ்ட் சொல்லிக்கொண்டே இடையில், "பட்டம் கட்ட எங்க சின்னம்மா மவன் நிக்கட்டுங்க. அவனும் தம்பிதானே" என்றாள். தலைவலி விட்டது என்று நினைத்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

இதற்கிடையில் கடைப் பெட்டியில் குப்பை குறைந்திருந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. திரும்பி வரும் சீட்டுகளைப் படிக்காமல் மொத்தமாக அழிப்பது எனக்குக் காலை வேலையாகிவிட்டது. ஒருநாள் காலை அப்படி அழிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்திருந்தது. இந்தக் கடிதம் உங்கள் பெயரில் வந்தது, ஆனால் நீங்கள் அனுமதித்த இடத்திலிருந்து வரவில்லை, எனவே வாங்கவில்லை என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே இங்கிலீஷ் எழுத்தில் நீளமாக என்னவோ. ஒரு வார்த்தையும் புரியவில்லை. எனக்குப் பழைய கோபம் ஏறியது. அடைத்துவிட்டோம் என்றார்களே, இன்னும் எவனோ அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறான்? அச்செடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த ஆபீசுக்குப் போனேன்.

என்ஜினீயர் தாளை வாங்கி முதலில் மேல்பகுதியைப் படித்தார். அடைப்பு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது சார், அதனால்தான் திரும்பி வந்திருக்கிறது என்றார். கிளம்பிய இடமும் பதிவாகியிருந்தது. எங்கள் ஊர் இணைப்புதான், பிள்ளையார்பாளையத்துப் பிரௌசிங் சென்டர் ஒன்று. பிடித்துவிட்டீர்கள், நான் அவனை என்ன செய்கிறேன் பாருங்கள் என்று எழுந்தேன். அவர் அதற்குள் கீழே இருந்ததைப் படிக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு வரி படித்தவர் நிறுத்திவிட்டார். தாளை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"சார், இது ஸ்பேம் இல்ல. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காங்க. இது உங்க வீட்டு லெட்டர். நான் படிக்கக் கூடாது."

அவர் எழுந்து டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைபோல வாய்விட்டு முணுமுணுத்துப் படித்தேன். அன்புள்ள மச்சானுக்கு என்று ஆரம்பித்தது. அன்றைக்குக் கடையில் அத்தனை பேர் முன்னால் உன்னை அப்படிப் பேசியது என் தப்பு, இத்தனை நாள் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெரிய மனசு பண்ணி நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும், நீ வந்து நிற்காவிட்டால் என் மகள் மணையில் உட்கார்ந்தாலும் எனக்குக் குறைதான் என்று இருந்தது. கீழே என் பெயர்.

முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். நான் தப்பு என்று சொல்லாததை, சொல்லவே மாட்டேன் என்று வைத்திருந்ததை, என் பெயரைப் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். டீ வந்தது. குடிக்காமல் கடைக்குத் திரும்பினேன்.

அழித்தவை உடனே போய்விடாமல் ஒரு பெட்டியில் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைத் திறந்து, மைத்துனன் வேலை செய்யும் அந்த அமெரிக்கக் கம்பெனி பெயர் உள்ள சீட்டுகளை மட்டும் தேடினேன். கிடைத்தன. பழையதிலிருந்து வரிசையாகப் படித்தேன். முதல் கடிதத்தில் நான் நிமிர்ந்து நின்றேன். மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, குடும்பத்தோடு முன்கூட்டியே வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் போகிற அதே தோரணை. அடுத்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தேன். பழையதை மனதில் வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்ததில் இருவர் மேலும் தவறு இருக்கலாம் என்றேன். கடைசியில்தான் மன்னிப்பு. ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வராமல், இது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என்னை இன்னும் ஒரு படி குனிய வைத்துக் குனிய வைத்து எழுதியிருக்கிறாள். தம்பி எல்லாவற்றையும் படித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறான் என்று நம்பியிருக்கிறாள். கடிதம் வந்ததா என்று அவனுக்குப் போன் செய்து கேட்கவும் முடியாது. கேட்டால் எழுதியது அவள் என்று தெரிந்துவிடும். கடைசியில்தான் சின்னம்மா மகன் நிற்கட்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. நான் பணம் கட்டி, சண்டை போட்டு, அடைக்கச் சொன்ன கதவில் அத்தனையும் மோதித் திரும்பி, என்னிடமே வந்தன. அவற்றை நான் தினமும் காலையில் டீயோடு அழித்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடிக்கையாளர் யாரோ வந்தார்கள். தூசி விழுந்துவிட்டது என்றேன்.

பிரௌசிங் சென்டர் நடத்திய பெண்ணிடம் பின்னால் ஒருநாள் விசாரித்தேன். அவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தான், முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னறையில் தறி. யார் பெயரில் அனுப்ப வேண்டும் என்று கேட்டாளாம். எங்க வீட்டுக்காரர் பேர்லதான் என்று மனைவி கடைப் பையை எடுத்து அதில் அச்சடித்திருந்த முகவரியைக் காட்டியிருக்கிறாள். அனுப்புவதற்குக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. காய்கறி வாங்கப் போகிறபோது அதே பையோடு போய், சொல்லச் சொல்ல அடிக்க வைத்திருக்கிறாள்.

சீட்டுகளைப் படித்த அன்றைக்கே, நானே ஒரு கடிதம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். என்ன அடித்தாலும் கடை அறிவிப்புபோல வந்தது. தேதி, மண்டபம், தவறாமல் வரவும். இருபது வருடத்துக்கு மேலாக என் சார்பில் பாசமாக எழுதியவள் அவள். எனக்கு அந்தப் பாஷையே தெரியவில்லை. கடைசியில் அவளுடைய கடைசிக் கடிதத்தை அப்படியே எடுத்தேன். தப்பு என்ற வார்த்தையில் ரொம்ப நேரம் நின்றேன். அதை மட்டும் அழித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அழித்த பிறகு மற்ற வரிகள் நிற்கவில்லை. திரும்பப் போட்டேன்.

மறுபடி படித்தபோது ஒன்று உறைத்தது. அத்தனை கடிதத்திலும் அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் பெண், என் வீடு, என் குறை என்று எல்லாம் நான்தான். அக்கா என்று ஒருத்தி இருக்கிற சுவடே இல்லை. என் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். போன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்துக்கொண்டிருந்த உன் அக்கா இப்போது ஓடுவதில்லை என்று. கடை மெஷினிலிருந்தே அனுப்பினேன். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. மனைவி அடுப்படியில் இருந்தாள், எழுந்து வரவில்லை. நான் எடுத்தேன்.

"மாமா, நான்தான் பேசறேன்."

சொல்லுப்பா என்றேன்.

"அந்த லெட்டர் அக்கா எழுதினது. எனக்குத் தெரியாதா மாமா? கடைசி வரி மட்டும்தான் நீங்க. அக்கா தன்னப் பத்தி எழுதிக்க மாட்டா."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஆனா அனுப்பினது நீங்கதான். எங்கேந்து வந்திருக்குதுன்னு பாத்துட்டேன். கடை மெஷின்தான்" என்றான். பிறகு, "வரேன் மாமா" என்றான்.

அவன் அதோடு விட்டிருப்பான். நான்தான் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, இது முதல் கடிதம் இல்லை என்று சொன்னேன். உன் அக்கா ஆடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் உனக்கு வரவில்லை, நான் போட்ட அடைப்பில் எல்லாம் எனக்கே திரும்பி வந்துவிட்டது, நீ படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாய் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"போனை அக்காகிட்ட குடுங்க" என்றான்.

கூப்பிட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யார் என்று நான் சொல்லவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக் குரலைக் கேட்டதும் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கத்துவது நான்தான், அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"உங்க மாமா அவ்ளோ எறங்கி எழுதினாரேடா. ஒருவாட்டி இல்ல, எத்தினிவாட்டி. அத்தனையும் படிச்சிட்டுக் கம்முனு இருந்தியே, உனுக்கு மனசா இல்ல கல்லா?"

நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி நேரே என் தலையில் வந்து இறங்கியிருக்கும். அவன் அதைச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"ஆமாக்கா, படிச்சேன்" என்று அவன் சொன்னது ரிசீவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. "உடனே பதில் போட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."